அம்பாப் பாட்டும் புது எடிட்டரும்

அடுத்த கேள்வி ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டுகளை அப்பாவிடம் கேட்டுக் கேட்டுத் தன்னுடைய வேர்ட்பிரஸ் தளத்தில் (இணையதளம் நடத்த உதவும் மென்பொருள் அது) எழுதி வருகிறார். தளம் சொந்த ஹோஸ்டிங்கில், அதாவது அவரே தனியாக எடுத்த சர்வர் இடத்தில் இருக்கிறது. இத்தனை நாளும் அதன் பழைய எடிட்டரில், அதாவது பதிவு எழுதும் பக்கத்தில் எழுதியவர், இப்போது புதியதற்கு மாறியிருக்கிறார். "பாட்டின் ஒவ்வொரு வரியும் தனித்தனிப் பெட்டியாகிவிடுகிறது, நடுவில் பெரிய இடைவெளி விழுகிறது. பழையதற்கே திரும்பிவிடலாமா?" என்கிறார்.

திரும்பலாம் அக்கா. 'கிளாசிக் எடிட்டர்' என்ற பிளகினை, அதாவது கூடுதல் செருகு நிரலைப் போட்டால் பழைய பக்கம் வந்துவிடும். ஆனால் உங்கள் வேலைக்குப் புதியதுதான் பொருத்தம் என்பேன். 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸின் 5.0 பதிப்போடு வந்த எடிட்டர் இது. இதில் பத்தி, தலைப்பு, படம் எல்லாமே தனித்தனி பிளாக், நீங்கள் சொல்லும் பெட்டி அதுதான். என்டர் தட்டினால் அடுத்த பிளாக் பிறக்கும். உங்கள் வரிகள் பிரிந்து போவது அதனால்தான். கம்ப்யூட்டரில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு என்டர் தட்டுங்கள், அதே பெட்டிக்குள் அடுத்த வரி வரும்.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பாட்டுக்கென்றே 'வெர்ஸ்' என்று ஒரு பிளாக் உண்டு. கூட்டல் குறியைத் தொட்டுத் தேடினால் கிடைக்கும். அதில் வெறும் என்டர் போதும், போனிலும் சிரமமில்லை. நீங்கள் விடுகிற இடைவெளியும் அப்படியே நிற்கும். அம்பாவில் ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து 'ஏலேலோ' என்று வாங்குவார்கள் இல்லையா? அந்த வாங்குகிற வரியை நாலு இடைவெளி தள்ளி எழுதுங்கள். யார் பாடுகிறார்கள் என்பது படிக்கும்போதே கண்ணுக்குத் தெரியும். எனக்கு இந்த எடிட்டரில் மிகவும் பிடித்தது இதுதான்.

வரிசை மாறிவிட்டால் வெட்டி ஒட்ட வேண்டாம். பிளாக்கைத் தொட்டால் மேலும் கீழும் அம்புக்குறி வரும், அதை அழுத்தி நகர்த்துங்கள்.

பழைய பாட்டுகள் என்னாகும் என்ற பயமும் உங்கள் குரலில் தெரிந்தது. ஒன்றும் ஆகாது. திறந்தால் 'கிளாசிக்' என்ற ஒரே பெட்டிக்குள் முழுதாக இருக்கும். 'பிளாக்குகளாக மாற்று' என்று கேட்கும், அவசரப்பட்டு எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒன்றை மட்டும் மாற்றி, வரிகள் சரியாக நிற்கின்றனவா என்று முன்னோட்டத்தில் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. அப்பா பாடுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். 'ஆடியோ' பிளாக்கில் ஏற்றி, அந்தந்தப் பாட்டுக்கு மேலே வையுங்கள். இழுக்கிற வேகத்துக்குத் தக்கபடி ராகம் மாறுமே, அதை எழுத்தில் கொண்டுவர முடியாது. அப்பா இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள் அக்கா.