ஓடையில் மின்னிய எண்ணெய்

வணக்கம் நேயர்களே. முப்பது வருடம் பிறத்தியார் வயல் மண்ணைப் பையில் வாங்கி, கரைத்து, வடிகட்டி, அளந்து பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே ஆளுக்கொரு வேலை வந்துவிடுகிறது. இங்கே கூப்பிட்டிருக்கிறார்கள், விடுவேனா?

இன்றைக்கு ஒரே விஷயம்தான். புளிப்பு மண். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் தரும் அட்டையில் பி.ஹெச். என்று ஓர் எண் போட்டிருக்கும், அது போதும். ஏழு இருந்தால் நடுநிலை. அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு. ஆறு என்றால் ஏழைவிடக் கொஞ்சம்தானே குறைவு என்று நினைக்கக் கூடாது. ஓர் எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு. ஏழிலிருந்து ஐந்துக்கு இறங்கினால் 100 மடங்கு.

நம் குமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கமெல்லாம் இப்படித்தான். காரணம் மழை. ஆனி ஆடியிலும் பெய்கிறது, ஐப்பசி கார்த்திகையிலும் பெய்கிறது. பெய்கிற மழை மண்ணிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். இரும்பும் அலுமினியமும் அசையாமல் நிற்கும். வெள்ளை வேட்டியில் பட்டால் போகவே போகாத அந்தச் சிவப்பு, இரும்பின் சிவப்பு. நீங்கள் போடுகிற சூப்பர் பாஸ்பேட்டை அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணிலேதான் இருக்கும், பயிருக்குக் கிடைக்காது. சுண்ணாம்பு போட்டால் புளிப்பு குறையும், அந்தப் பிடியும் தளரும். அதனால்தான் வாய் வலிக்கச் சொல்வேன்: சுண்ணாம்பு முதலில், உரம் அப்புறம்.

ஒரு கதை சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. இரணியல் பக்கமிருந்து ஒரு பெரியவர் மண் கொண்டுவந்தார். சோதித்தால் மணிச்சத்து எக்கச்சக்கம். எனக்கு ஒரே பெருமை. "பாட்டா, நாலு வருஷத்துக்கு நீங்க மணிச்சத்தே போட வேண்டாம்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மக்களே, வாழை குருத்து விடாம நிக்குன்னுதானே உங்கிட்ட வந்தேன்" என்றார். அப்புறம்தான் அவர் கையிலிருந்த பையைப் பார்த்தேன். உரச்சாக்கு! கழுவிக் காயவைத்ததுதான், ஆனாலும் உரச்சாக்கு. மறுபடி கொண்டுவரச் சொன்னேன். அந்த முறை துணிப்பை, சரி. ஆனால் மண் கறுப்பாக, மணமாக இருந்தது. வயலில் தண்ணீர் கிடந்ததாம். அதனால் எருக்குழி ஓரத்தில் அள்ளியிருக்கிறார். இனி சொல்லிப் பயனில்லை என்று நானே பஸ் ஏறிவிட்டேன்.

போய் இறங்கினால் அங்கே வேறொரு வழக்கு நடக்கிறது. வாழைக்காகத் தோண்டிய ஓடையில் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம், வானவில் மாதிரி மின்னுகிறது. மேட்டுத் தோட்டத்துக்காரர் மோட்டார் எண்ணெயைக் கொட்டுகிறார் என்று பாட்டா சொல்கிறார். இரண்டு வீட்டுக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லையாம். நான் ஒரு குச்சியை எடுத்துப் படலத்தைக் கிழித்தேன். அது கண்ணாடிச் சில்லு மாதிரி துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றது. எண்ணெய் என்றால் உடனே சேர்ந்துகொள்ளும். இது எண்ணெய் இல்லை பாட்டா, உங்கள் மண்ணின் இரும்பு என்றேன். அடியில் காவி நிறத்தில் சளி மாதிரி படிந்திருந்ததையும் எடுத்துக் காட்டினேன். இரும்பைப் பிடித்து வாழ்கிற நுண்ணுயிர்கள் செய்கிற வேலை அது. நீங்களும் உங்கள் ஊர் ஓடையில் குச்சியை விட்டுப் பாருங்கள். செலவில்லாத சோதனை.

அந்த இடம் முன்பு ஏலா. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், நெல் விளைந்த வயல். நெல் நின்ற காலத்தில் அதே மண் அவரைப் படுத்தவில்லை. ஏன்? தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. அப்போது நுண்ணுயிர்கள் இரும்பை மாற்றும். அந்த மாற்றத்தில் புளிப்பு செலவாகும். சில வாரத்தில் மண் நடுநிலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இரும்பு பிடித்து வைத்திருந்த மணிச்சத்தும் அவிழும். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் தாகத்துக்கு மட்டுமல்ல, மருந்துக்கும் சேர்த்துத்தான் வந்துகொண்டிருந்தது. ஓடை தோண்டித் தண்ணீரை வடித்து, மேடு கட்டி வாழை வைத்ததும் காற்று புகுந்தது, புளிப்பு பழைய இடத்துக்குத் திரும்பியது. ஒழுங்காக எடுத்த மண்ணில் பி.ஹெச். 4.8. நெல்லை மாற்றி வாழை வைக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, நெல்லில் என்ன மிஞ்சுகிறது என்று எனக்கும் தெரியும். வயல் மாறினால் மண்ணும் மாறும், பழைய கணக்கு செல்லாது. அவ்வளவுதான்.

அடுத்த நடவுக்குக் குழிக்கு அரைக் கிலோ நீற்றிய சுண்ணாம்பு போட்டார். வெற்றிலைக்கு இத்தனை வருடம் தடவியவருக்கு மண்ணுக்கும் சுண்ணாம்பு வேண்டும் என்றதும் சிரிப்பு தாங்கவில்லை. குலை எப்படி இருந்தது என்பதைவிட, மேட்டுத் தோட்டத்துக்காரர் வீட்டுக்கும் ஒரு சீப்பு போனது என்பதுதான் எனக்குச் சந்தோஷம்.

சுண்ணாம்பையும் யூரியாவையும் சேர்த்துப் போடாதீர்கள். சேர்த்தால் யூரியாவின் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஆவியாகிப் போகும். குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். மறுபடி சொல்கிறேன்: சுண்ணாம்பு முதலில், உரம் அப்புறம். மெக்னீசியமும் குறைவென்றால், மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட் நல்லது. அடுப்புச் சாம்பல் கிடைத்தால் அதுவும் புளிப்பைக் குறைக்கும், சாம்பல் சத்தும், அதாவது பொட்டாசியமும், தரும். பெயரிலேயே இருக்கிறதே! ரப்பரும் அன்னாசியும் புளிப்பைத் தாங்கும். அந்தத் தோட்டத்துக்காரர்கள் நான் சொன்னதைக் கேட்டுச் சுண்ணாம்பு மூட்டை வாங்க ஓட வேண்டாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடமாம். மண் எடுக்கும் முறையை விரிவாகச் சொல்ல நினைத்தேன். வரப்போரம், மர நிழல், எருக்குழிப் பக்கம் வேண்டாம். வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குள் எடுத்து, கலந்து, நாலு பங்காக்கி, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். மீதியை மறுபடி கலந்து இதையே செய்தால் கடைசியில் அரைக் கிலோ நிற்கும். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கொண்டுபோங்கள். உரச்சாக்கு வேண்டவே வேண்டாம். தென்னந்தோப்பில் தொண்டு, அதாவது தேங்காய் மட்டை, புதைப்பது பற்றியும் குறிப்பு எழுதி வைத்திருந்தேன், அதற்கு இன்னொரு நாள் கூப்பிடட்டும். வணக்கம்.