மலைக்கு ஒரு நாள் போதாது

நேயர்களுக்கு வணக்கம்.

ஆல்ப்ஸ் மலைக்கு விடுமுறையில் போக நினைப்பவர்களுக்காகப் பேச வந்திருக்கிறேன். ஆல்ப்ஸ் எட்டு நாடுகளில் விரிந்து கிடக்கிறது. நான் திரும்பத் திரும்பப் போன ஒரு மூலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தில் பெர்னர் ஓபர்லாந்து என்ற பகுதி. ஐகர், மோன்ஷ், யுங்ஃபிராவ் என்று மூன்று சிகரங்கள் தோளோடு தோள் உரசி நிற்கும் இடம்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே பள்ளத்தாக்கில் ஐந்தாறு நாள் தங்குங்கள். உச்சிக்குப் போகும் நாளை ஊரில் இருக்கும்போதே முடிவு செய்யாதீர்கள்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? முதல் தடவை என் மனைவியும் நானும் ஒரு குழுவோடு போனோம். பதினோரு நாளில் ஆறு நாடு. யுங்ஃபிராவ்யோக் என்ற மலைமுகட்டுக்கு, அதாவது 3454 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரயில் நிலையத்துக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை போவதாகப் பல மாதம் முன்பே தேதி குறித்திருந்தார்கள். அன்று காலை கண் விழித்தால் மழை. மலைக்கு அது தெரியுமா, நம் தேதி செவ்வாய் என்று? போனோம். மேலே பார்வை மேடையில் நின்றால் பிடித்திருந்த கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் எதுவுமே இல்லை. வெள்ளை, வெறும் வெள்ளை. கூட வந்த ஒரு பெரியவர், மகன் வருடக்கணக்காகச் சேர்த்த பணத்தில் வந்தவர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடத்தில் எங்களைக் கீழே இறக்கிவிட்டார்கள். அந்த முகம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

மூன்று வருடம் கழித்து நாங்கள் இருவர் மட்டும் போனோம். லவுட்டர்புருன்னன் என்ற கிராமத்தில் ஆறு இரவு. இரண்டு பக்கமும் சுவர் போல எழும் பாறை, நடுவே ஊர். கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து ஷ்டவுப்பாக் அருவி விழுகிறது. பாதி வழியிலேயே நீர் தூளாகிக் காற்றில் அலைகிறது. எங்கள் அறை ஜன்னலிலிருந்தே தெரிந்தது. முதல் மூன்று நாளும் மழைதான். ஆனால் வருத்தமில்லை, ஏனென்றால் நாள் கையில் இருந்தது. டிரும்மல்பாக் போனோம். பனிப்பாறைகள் உருகி வரும் நீர் மலைக்கு உள்ளேயே பத்து அருவிகளாக இறங்கும் இடம் அது. வினாடிக்கு 20,000 லிட்டர் வரை பாயுமாம். பாறைக்குள் மின்தூக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே பேச முடியாது; காலடியில் கல் அதிர்வதை உணரலாம். மழை நாளுக்கென்றே அமைந்த இடம்.

தங்கும் விடுதியில் காலைச் சாப்பாட்டு அறையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. பாட்டு, செய்தி எதுவும் கிடையாது. மலையுச்சிகளில் வைத்த கேமராக்கள் அந்த நேரத்தில் காண்பதை ஒவ்வொன்றாகக் காட்டும். மூலையில் உயரமும் வெப்பமும் எழுதியிருக்கும். மூன்று காலை சாம்பல் நிறம். நான்காம் காலை, விடுதிக்காரம்மா காபிக் குவளையை வைத்துவிட்டுத் திரையைக் காட்டினார். "இன்றைக்கு" என்றார், அவ்வளவுதான். பார்த்தால் நீலம்! ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டு நிலையத்துக்கு ஓடினோம்.

அந்தக் கேமராப் படங்களை உங்கள் கைபேசியிலும் பார்க்கலாம். பார்க்காமல் சீட்டு வாங்காதீர்கள். கோடையில் முழுக் கட்டணம் போய்வர 200 பிராங்குக்கு மேல். பாதிக் கட்டண அட்டை வாங்கினால் அதில் பாதி.

வெங்கன், கிளைன ஷைடெக் வழியாக ஏறினோம். கிளைன ஷைடெக்கில் மாறி ஏறும் ரயில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஐகர், மோன்ஷ் மலைகளின் வயிற்றுக்குள்ளேயே போகிறது. இதை எண்ணிப் பார்த்தவர் அடால்ஃப் குயர் செல்லர் என்ற தொழிலதிபர். 1893-இல் மலையில் நடந்துகொண்டிருந்தபோது தோன்றிய எண்ணம். 1896-இல் வேலை தொடங்கியது, 1899-இல் அவர் இறந்துபோனார், 1912-இல்தான் ரயில் மேலே போய்ச் சேர்ந்தது. அது மேலே போய்ச் சேர்ந்ததை அவர் பார்க்கவே இல்லை. வழியில் ஐஸ்மேர் என்ற நிலையத்தில் வண்டி ஐந்து நிமிடம் நிற்கும். உட்கார்ந்திருக்காதீர்கள், இறங்கிப் போய்க் கண்ணாடி வழியே பாருங்கள்.

மேலே அலேட்ஷ் பனியாறு. ஆல்ப்ஸிலேயே நீளமானது, 20 கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகிறது. அதன் மேல் நீளநீளமாக இரண்டு கருங்கோடுகள், மாட்டுவண்டித் தடம் போல. மலையிலிருந்து விழுந்த கற்களைப் பனி சுமந்துகொண்டு போகும் வரிசை அது. என் மனைவி வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பெரியவர் இதைப் பார்த்திருக்கணும்" என்றாள்.

அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். படியை மெதுவாக ஏறுங்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எந்த மாதம்? நம் பள்ளி விடுமுறை மே மாதம். அப்போது அருவிகளில் தண்ணீர் நிறைந்திருக்கும், பள்ளத்தாக்கு பச்சையாக இருக்கும். ஆனால் உயரமான நடைபாதைகள் பனிக்கு அடியில். இழுவைக் கம்பி வண்டிகள் சிலவற்றைப் பராமரிப்புக்காக நிறுத்தியும் வைப்பார்கள். யுங்ஃபிராவ் ரயில் மட்டும் வருடம் முழுக்க ஓடும். நடக்க ஆசையுள்ளவர்கள் ஜூன் கடைசிக்குப் பிறகு போங்கள், முடிந்தால் செப்டம்பர். மென்லிஷன் என்ற மலையிலிருந்து கிளைன ஷைடெக் வரை ஒன்றரை மணி நேரப் பாதை, பெரும்பாலும் இறக்கம், மூன்று சிகரமும் எதிரிலேயே வரும். அங்கே மஞ்சள் பலகைகளில் தூரம் எழுதமாட்டார்கள், நடக்கும் நேரம்தான். அது நிற்காமல் நடப்பவர் கணக்கு. குழந்தைகளோடு போனால் பாதி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். விசா பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். சுவிட்சர்லாந்துக்கு வேண்டியது ஷெங்கன் விசா. அதற்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி பதினைந்து நாள் வரை இழுக்காதீர்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். இன்னொன்று, இண்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் ஏறும் ரயில் ஸ்வைலூட்ஷினன் என்ற இடத்தில் இரண்டாகப் பிரியும், பாதி கிரிண்டல்வால்டுக்கு, பாதி லவுட்டர்புருன்னனுக்கு. பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏறுங்கள். குடும்பம் ஆளுக்கொரு பெட்டியில் உட்காராதீர்கள். கோடையிலும் கம்பளிச் சட்டை, மழைச் சட்டை இரண்டும் வேண்டும். பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டி, பழம், தயிர் வாங்கி வையுங்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம், ஊர் நடுவே தொட்டியில் வழிவதையே பிடித்துக் குடிக்கலாம். "கைன் டிரிங்க்வாஸர்" என்று பலகை இருந்தால் மட்டும் அது குடிநீர் இல்லை.

வணக்கம்.