பக்கத்துக் காம்பராவில் அடிக்கும் சத்தம் கேட்டால் நாம் என்ன செய்வது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், காம்பராக்கள் என்ற சிறு வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கும் லயத்தில் வசிக்கும் ஒரு தம்பி அனுப்பியிருக்கும் கேள்விக்கு இன்று பதில் சொல்கிறேன். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கி வாசிக்கிறேன். “எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அண்ணன், சம்பள நாள் வந்தால் குடித்துவிட்டு வந்து அக்காவை அடிக்கிறார். போன மாதம் பொறுக்க முடியாமல் நான் போய்க் கதவைத் தட்டி, நிறுத்துங்கள் என்று சத்தம் போட்டேன். அவர் வெளியே வந்து, ‘அவளுக்கும் உனக்கும் என்ன?’ என்று லயமே கேட்கும்படி கேட்டார். அன்றிலிருந்து அக்கா என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. புருசன் பெண்சாதி சண்டையில் தலையிடாதே என்று அம்மா திட்டுகிறார். ஆனால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவனும் குற்றவாளிதான் என்று நீங்கள் ஒரு பயிற்சியில் சொன்னீர்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்?”

தம்பி, அந்த வாக்கியத்தை நான் சொன்னது உண்மை. அதில் பாதியை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அடிப்பவர்தான் குற்றவாளி. சுவருக்கு இந்தப் பக்கம் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பவரைக் குற்றவாளி என்று அழைத்தால், அவர் அடுத்த முறை காதைப் பொத்திக்கொள்வார், அல்லது உங்களைப் போல ஆத்திரத்தோடு ஓடிப்போய்க் கதவைத் தட்டுவார். இரண்டாலும் உள்ளே இருக்கும் பெண்ணுக்குப் பயன் குறைவு. நீங்கள் போனது தவறு என்று நான் சொல்லவில்லை. போன விதத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

வேடிக்கை பார்ப்பவர்கள் ஏன் அசையாமல் நிற்கிறார்கள் என்பதைப் பற்றி 1968இல் ஜோன் டார்லி, பிப் லட்டானே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு மிகவும் பெயர்பெற்றது. தனி அறையில் இருந்தபடி இன்டர்கொம் வழியாகப் பேசிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு, மறுமுனையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோன்ற சத்தத்தைக் கேட்கச் செய்தார்கள். தன்னைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை என்று நம்பியவர்களில் 85 சதவீதத்தினர், அந்தச் சத்தம் ஓய்வதற்கு முன்பே உதவி தேடி எழுந்து போனார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதத்தினர் மட்டுமே அப்படிப் போனார்கள். யாராவது போவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வதால் வரும் தாமதம் இது. ஆனாலும் மனிதர்கள் கல்நெஞ்சர்கள் என்று இதை வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது. இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் நகரங்களில் தெருச் சண்டைகளைப் பதிவு செய்த 219 கண்காணிப்புக் கமராக் காட்சிகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வொன்று, பத்தில் ஒன்பது சண்டைகளில் குறைந்தது ஒருவராவது ஏதாவது செய்து தடுக்க முயன்றதைக் காட்டியது.

இந்த ஆய்வுகள் எல்லாம் முன்பின் தெரியாதவர்களைப் பற்றியவை. நம்முடைய லயத்தில் நிலைமை வேறு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டப்பட்ட பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்களில், நடுச்சுவர் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றுவிடுகிற இடங்கள் இன்னமும் உண்டு. அங்கே பக்கத்து வீட்டார் இருமினால்கூட நமக்குக் கேட்கும், அழுகையை அடக்கிக்கொள்வதும் கேட்கும். வேறு யாராவது போவார்கள் என்ற நினைப்பைவிட, நாளைக் காலையில் தண்ணீர் பிடிக்கும் அதே பீலியில் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே, அவருடைய அண்ணன்தானே நம் மலைக்குக் கங்காணி, அவர் பெரியப்பா மகளைத்தானே நம் வீட்டுக்குக் கேட்டிருக்கிறோம் என்ற கணக்குத்தான் நம்மை உட்கார வைக்கிறது. உங்கள் அம்மாவின் பயத்திலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது. அதைக் கோழைத்தனம் என்று நான் ஒதுக்க மாட்டேன். ஊர் பேர் தெரியாத நகரத்துத் தெருவுக்காக எழுதப்பட்ட பயிற்சிக் கையேட்டை அப்படியே லயத்துக்குக் கொண்டுவந்தால், உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

எங்கள் அம்மாயி எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் பிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்தின் கோடிக் காம்பராவில் இப்படி ஒரு வீடு இருந்தது. சத்தம் தொடங்கியதும் அம்மாயி முக்காட்டைப் போட்டுக்கொண்டு, சிரட்டையை எடுத்துக்கொண்டு, இஸ்தோப்பு என்ற முன் திண்ணை வழியாக மெதுவாக நடந்துபோவார். போகும்போதே வழியில் இருக்கும் மூன்றாம் வீட்டுப் பெரியம்மாவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வார். அங்கே போய், “அடுப்பு அவிஞ்சு போச்சு, ரெண்டு கங்கு குடு தாயி” என்று கேட்பார். அடிதடியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இராது. கங்கு கேட்டு வந்த கிழவியை வாசலில் வைத்துக்கொண்டு எந்த ஆணாலும் கையை ஓங்க முடியவில்லை. அந்தப் பெண் எழுந்து அடுப்பருகே வருவார். அம்மாயி உள்ளே போய்க் குந்திக்கொண்டு, பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறதா, நாளைக்கு எந்த மலையில் கொழுந்து என்று அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் எழுந்திருப்பார். எங்கள் வீட்டு அடுப்பில் நெருப்பு இருந்தது என்பது எனக்குத் தெரியும். அம்மாயி ஏன் பொய் சொல்கிறார் என்று அப்போது எனக்குக் கோபம்கூட வந்தது.

இன்று பயிற்சிகளில் இதற்குக் கவனத்தைத் திருப்புதல் என்று பெயர். அம்மாயி ஒரே நடையில் மூன்று காரியங்களைச் செய்திருக்கிறார்: அடியை இடைநிறுத்தினார், தனியாகப் போகாமல் துணை சேர்த்துக்கொண்டார், அந்த ஆண் தோற்றுப்போனதாக உணராதபடி பார்த்துக்கொண்டார். மூன்றாவது பலருக்குப் பிடிக்காது; அடிக்கிறவனுடைய மானத்தை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும் என்று கேட்பார்கள். அவனுக்காக அதைச் செய்வதில்லை. நாம் கதவைச் சாத்திக்கொண்டு வந்த பிறகும் அந்தப் பெண் அவனோடு உள்ளே இருக்கிறார். லயத்துக்கு முன்னால் பட்ட அவமானத்துக்கு அவன் யாரிடம் கணக்குத் தீர்ப்பான் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த அக்கா உங்கள் முகத்தைப் பார்க்காததற்குக் காரணம் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். கலியாணமாகாத இளைஞன் ஒருவன் நடு இரவில் தனக்காக வந்து கதவைத் தட்டியதற்கு, அன்றைக்கு மிச்ச அடியையும், அதற்குப் பிறகு சந்தேகப் பேச்சையும் அவர் வாங்கியிருக்கக்கூடும்.

ஆகையால், அடுத்த முறை நீங்கள் முன்னால் நிற்கக் கூடாது, ஆனால் முதலில் எழுந்திருக்க வேண்டியவர் நீங்கள்தான். உங்கள் அம்மாவையோ, அந்த மனிதர் ‘அத்தை’, ‘பெரியம்மா’ என்று மரியாதையோடு கூப்பிடும் ஒருவரையோ எழுப்பி அனுப்புங்கள். இன்று யாரும் கங்கு கேட்பதில்லை. கைபேசிக்குச் சார்ஜர் கேட்கலாம், பிள்ளைக்குக் காய்ச்சல், பெனடோல் இருக்கிறதா என்று கேட்கலாம். நீங்கள் டோர்ச் லைட்டோடு இஸ்தோப்பில் நில்லுங்கள், அது போதும். இதை அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. சம்பள நாள் எது என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும், அதற்கு இரண்டு நாள் முன்பே அம்மாவோடும் இன்னும் இரண்டு வீட்டாரோடும் பேசிவையுங்கள். தலையிடாதே என்று சொல்லும் அம்மாவிடம் “சண்டையைத் தீர்க்க வேண்டாம் அம்மா, பெனடோல் மட்டும் கேளுங்கள்” என்றால் அவர் ஒப்புக்கொள்ளலாம்.

இந்த உபாயத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த மனிதரின் கையில் கவ்வாத்துக் கத்தியோ மண்ணெண்ணெய்ப் போத்தலோ இருந்தால், கழுத்தை நெரிக்கிறார் என்று தெரிந்தால், பெண்ணின் சத்தம் திடீரென்று நின்றுபோனால், சார்ஜர் கேட்டுப் போகிற வேலையே வேண்டாம். பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழைத்து, தோட்டம், டிவிசன், லயத்தின் இலக்கம், வாகனம் எதுவரை வரும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஆபத்தில் இருந்தால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள். கழுத்தை நெரிப்பதை மற்ற அடிகளோடு சேர்த்து எண்ணாதீர்கள். ஒருமுறை நெரித்தவர் பின்னர் கொலை வரை போகும் ஆபத்து பெரிது என்பது இத்துறையில் ஆய்வு செய்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. தடயம் வெளியே தெரியாவிட்டாலும் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அடி நடக்கும் நேரத்தைவிட அடுத்த நாள்தான் நாம் அதிகம் உதவக்கூடிய நேரம் என்பது என் அனுபவம், அதைத்தான் நாம் பெரும்பாலும் வீணாக்குகிறோம். மலையில் நிரை பிடித்து நிற்கும்போது எல்லோருக்கும் விஷயம் தெரியும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், அல்லது, “நீ ஏன் எதிர்த்துப் பேசினாய்?” என்று யாராவது கேட்பார்கள். உங்கள் அம்மாவோ வேறொரு பெண்ணோ அவரைத் தனியாகப் பார்த்து, “ராத்திரி சத்தம் கேட்டது. உனக்கு எப்படி இருக்கிறது? எந்த நேரமானாலும் எங்கள் கதவைத் தட்டு” என்று சொன்னால் போதும். ஏன் இன்னமும் அவனோடு இருக்கிறாய் என்று கேட்க வேண்டாம். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள அவர் விரும்புகிறாரா என்று கேட்கலாம். 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது. நாட்டின் முக்கியமான அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ‘மிதுரு பியச’, தமிழில் ‘நட்பு நிலையம்’, என்ற பெயரில் இதற்கென்றே ஓர் இடம் உண்டு. கணவனுக்குச் சந்தேகம் வராமல் அங்கே அனுப்புவதற்குத் தோட்டத்துக்கு வரும் குடும்பநல மாது (மருத்துவிச்சி) பொருத்தமானவர், ஏனென்றால் அவர் எந்த வீட்டுக்குள் போனாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அவர் முறைப்பாடு செய்யத் தீர்மானித்தால் கூடப் போங்கள், அதாவது உங்கள் அம்மாவை அனுப்புங்கள். முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசித்துக் காட்டாமலே கையொப்பம் வாங்கப்பட்ட சம்பவங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 1987இல் கொண்டுவரப்பட்ட 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. தமிழில் எழுதித் தாருங்கள், அல்லது மொழிபெயர்த்து வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்பதற்குக் கூட ஒருவர் இருந்தால்தான் அடிபட்டு வந்த பெண்ணுக்குத் தைரியம் வரும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கையோடு வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறையைத் தடுத்தல் சட்டத்தின்படி, நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். அது 12 மாதம் வரை செல்லும். அவர் சார்பில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். இது புருசனைச் சிறைக்கு அனுப்பும் வழக்கு அல்ல, இனி அடிக்காதே, கிட்டே வராதே என்று நீதிமன்றம் போடும் கட்டளை என்பதை விளக்கினால், “பிள்ளைகளின் அப்பாவை ஜெயிலில் போட மாட்டேன்” என்று சொல்லும் பெண்கள்கூட யோசித்துப் பார்க்கிறார்கள். கட்டளையை மீறினால்தான் தண்டனை.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்ததாக அந்தக் கேள்விதான் வரும். நல்ல தலைவர்கள் இருக்கிறார்கள். எனினும் கோயில் வாசலில் நடக்கும் சமாதானங்கள் பெரும்பாலும், “இனிக் குடிக்க மாட்டேன்” என்ற ஒரு சத்தியத்திலும், “நீயும் கொஞ்சம் அனுசரித்துப் போ” என்ற ஓர் உத்தரவிலும் முடிவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் கேட்காமல் யாரிடமும் கொண்டுபோகாதீர்கள். குடிதான் காரணம் என்பதையும் அவ்வளவு இலகுவாக நம்பிவிடாதீர்கள்: தவறணையிலிருந்து படியேறி வரும் வழியில் இருபது வீடுகளைக் கடக்கும் மனிதர், எதிரே தலைவரோ துரையோ வந்தால் கையைக் கட்டி நிற்கும் மனிதர், தன் வாசலுக்கு வந்த பிறகுதான் நிதானம் இழக்கிறார்.

ஓர் இளைஞனாக உங்களுக்கென்று இருக்கும் வேலையும் இங்கேதான் வருகிறது. அவரோடு வொலிபோல் விளையாடுகிறவர்கள், கடதாசி விளையாடுகிறவர்கள் உங்களுக்குத் தெரிந்திருப்பார்கள். “ரெண்டு போட்டாத்தான் சரிவரும்” என்று அங்கே ஒருவர் சொல்லும்போது சிரிக்காமல் இருப்பதும், வெறி தெளிந்த நேரத்தில் அவர் மதிக்கும் ஒரு நண்பரையோ தாய்மாமனையோ பேச வைப்பதும் உங்களால் மட்டுமே ஆகும் காரியம். அதை உங்கள் அம்மா செய்ய முடியாது.

கைபேசியில் பதிவு செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். திகதி, நேரம், கேட்ட சத்தம், பார்த்த காயம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள், பின்னர் சாட்சி சொல்ல நேர்ந்தால் அது கைகொடுக்கும். ஒலியோ படமோ பதிவாகியிருந்தால் அது அந்தப் பெண்ணுக்கு உரியது. அவர் கேட்டால் அவரிடம் கொடுங்கள். பேஸ்புக்கில் போடுவதால் அடித்தவர் திருந்தியதை நான் பார்த்ததில்லை, அந்தப் பெண் மலைக்கு வேலைக்குப் போவதை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, அந்த அக்கா இன்னும் சில மாதங்களுக்கு உங்களோடு பேசாமலே இருக்கலாம். காரணம் கேட்காதீர்கள், மன்னிப்புக் கேட்கவும் தனியாகப் போய் நிற்காதீர்கள். பீலியில் எதிரே வந்தால், உங்கள் குடத்தை நகர்த்தி அவருக்கு இடம் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.