அப்பாவுக்கு ஒரு பவளமல்லி

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அரங்கத்தில் இருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

'மறைந்தவர் நினைவு நிலைப்பது கல்லிலும் படத்திலுமா, செடியிலும் மரத்திலுமா?' இதுதான் தலைப்பு. செடியிலும் மரத்திலும்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய ஐயா எடுத்தனூர் நடுகல்லைச் சொன்னார். திருவண்ணாமலைப் பக்கம், 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல். கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஐயா அதைச் சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏறக்குறைய 1,400 ஆண்டு கழித்து ஒரு நாயின் பெயரை இந்த மேடையில் உச்சரிக்கிறோம் என்றால் அது அந்தக் கல் செய்த வேலை. மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பாருங்கள், நடுவர் அவர்களே. நடுகல். நாற்று நடுவது போல, கன்று நடுவது போல, கல்லையும் நம் முன்னோர் நட்டார்கள். நட்டுவிட்டு அப்படியே போய்விடவும் இல்லை. நீராட்டினார்கள், மயிற்பீலி சூட்டினார்கள், கள் படைத்தார்கள். நாம் அந்தக் கவனிப்பை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் வைத்துக்கொண்டோம். பளிங்கில் பெயர் வெட்டி, தோற்றம் மறைவு போட்டு, கொத்தனாருக்குக் கூலி கொடுத்ததும் வேலை முடிந்துபோகிறது. அழுகிறவர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் வேலை முடியக் கூடாது ஐயா.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா போன பிறகு கூடத்தில் படம் மாட்டினோம். சந்தன மாலை, சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. அம்மா அந்தப் படத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான். காலைக் காபியும் அங்கே, மத்தியானச் சாப்பாடும் அங்கே. மூன்று மாதம் இப்படியே போனது. படம் அம்மாவிடம் எதையும் கேட்கவில்லை.

ஒருநாள் சித்தி நர்சரியிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பவளமல்லிக் கன்று ஒன்றைக் கொண்டுவந்தார். "அக்கா, இது அத்தான் பேர்ல வைக்கிறேன். தண்ணி ஊத்த வேண்டியது நீதான்" என்று சொல்லிப் பின்கட்டில் நட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நல்ல சித்திரை வெயில். ஒருநாள் விட்டால் இலை துவண்டுவிடும். அம்மா எழுந்தார். அப்பா ஷேவ் செய்யும்போது தண்ணீர் வைத்துக்கொள்ளும் பித்தளைச் சொம்பு ஒன்று உண்டு, அதைத்தான் தேடி எடுத்தார். சொம்பு சின்னது. குழாயடிக்கும் செடிக்கும் ஆறு நடை நடந்தால்தான் பாத்தி நனையும். குடம் இருக்கிறதே அம்மா என்றேன். வேண்டாம் என்றார். தினமும் காலையில் அந்த ஆறு நடை. அம்மா வீட்டை விட்டு வெளியே வந்தது அப்படித்தான்.

எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டார். "செடி பட்டுப்போனால் என்ன செய்வீர்கள்? ஒருவரை இரண்டு தடவை சாகக்கொடுப்பதா?" என்றார். நியாயமான கேள்விதான். எங்களுக்கே அது நடந்தது.

அடுத்த வருஷம் எங்கள் மணி போனான். 13 வயது நாய். எரித்த சாம்பலை மண்கலயத்தில் போட்டுக் கொடுத்தார்கள். அவன் படுத்துக் கிடக்கும் கேட் ஓரத்தில் குழி வெட்டி, சாம்பல் முழுவதையும் கொட்டி, அதன் மேலேயே ஓர் இட்லிப்பூச் செடியை வைத்தேன். மூன்றே வாரத்தில் இலை மஞ்சளாகி, ஓரம் கருகி, செடி போய்விட்டது. உட்கார்ந்து அழுதேன். நர்சரிக்காரர்தான் விளக்கினார். எலும்புச் சாம்பலில் உப்பும் காரத்தன்மையும் அதிகம், வேர் தாங்காது. இட்லிப்பூவோ புளிப்பு மண் கேட்கிற செடி. அவர் சொன்னபடி அந்த மண்ணை அள்ளித் தோட்டம் முழுக்கப் பரவலாகத் தூவினோம். குழிக்குப் புதுமண்ணும் மக்கிய சாணமும் போட்டு, அதில் ஒரே ஒரு பிடி சாம்பல் கலந்து இன்னொரு செடி வைத்தோம். அது பிடித்துக்கொண்டது. இன்று கேட் உயரத்துக்கு நிற்கிறது. மண் அள்ளிய அந்த ஒரு வாரமும் நான் மணியோடுதான் இருந்தேன், சகோதரி.

எரிக்காமல் புதைப்பவர்கள் மூன்றடிக்குக் குறையாமல் தோண்டுங்கள், கிணற்றை விட்டுத் தள்ளிப் புதையுங்கள். வீட்டில் வேறு நாயோ ஆடுமாடோ இருந்தால் அரளி மட்டும் வேண்டாம், அது விஷம்.

இதெல்லாம் நகரத்து நாகரிகம் என்று ஒருவர் சொன்னார். இல்லை ஐயா. வளர்த்த நாயைத் தென்னை மரத்தடியில் புதைப்பது நம் கிராமத்து வழக்கம். அந்தத் தென்னைக்கும் நாம் வைத்த பெயர் தென்னம்பிள்ளை. பல ஊர்களில் பால் தெளிக்கப் போகும்போது நவதானியமும் தூவிவிட்டு வருகிறார்கள். போனவர் கிடக்கும் இடத்தில் ஏதாவது முளைக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எப்போதும் இருந்திருக்கிறது. சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைக்குப் போய்ப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கற்களின் காலடியில் பூச்செடி வைத்து, புல்வெளி வளர்த்து, நாள் தவறாமல் பராமரிக்க ஆள் வைத்திருக்கிறார்கள். பெயர் வெட்டினால் போதும் என்று அவர்களும் நினைக்கவில்லை.

அப்புறம், அடுக்குமாடியில் தோட்டத்துக்கு எங்கே போவது என்றார்கள். ஒரு தொட்டி போதும், ஒரு துளசி போதும். வாடகை வீடு மாறும்போது தொட்டியும் சாமானோடு லாரியில் ஏறும்.

சரி, பவளமல்லிக்கு வருகிறேன். அது ராத்திரி பூத்து, விடியும்போது உதிர்ந்துவிடும். தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு வைப்பதில்லை, பவளமல்லிக்கு மட்டும் விலக்கு உண்டு. இருந்தாலும் அது மண்ணில் விழுவதற்கு அம்மாவுக்கு மனம் வரவில்லை. படுக்கப் போகுமுன் அப்பாவின் பழைய நாலு முழ வேட்டியை மரத்தடியில் விரித்துவிட்டுப் போவார். காலையில் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து, பூவோடு கூடத்துக்கு எடுத்து வருவார். ஆரஞ்சுக் காம்பு ஒவ்வொன்றாகப் பார்த்து ஊசியில் கோப்பார். அப்பா படத்தில் இருந்த சந்தன மாலையைக் கழற்றி இப்போது இரண்டு வருஷமாகிறது.

நன்றி, வணக்கம்.