இழப்பின் பின் அடுத்த போகம்

[காட்சி: கிளிநொச்சி. வெள்ளம் வடிந்த வயல், சேறு படிந்த வரம்பு.]

வணக்கம். 2018 டிசம்பரில் மழை கொட்டி, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, இலங்கையின் வடக்கே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் ஏறியபோது, காலபோகத்துக்கு விதைத்த நெல் ஏக்கர் கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தது. விதைநெல்லுக்கும் உழவுக்கும் பசளைக்கும் நகையை அடகு வைத்திருந்த குடும்பங்கள் பல. தண்ணீர் வடிந்ததும் வயலில் இறங்கும் அனுபவமுள்ள கமக்காரர் ஒருவர் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பயிரைப் பிடுங்கி வேரைப் பார்ப்பார். வேர் கறுத்து அழுகல் மணம் வீசினால் அந்தத் துண்டு போய்விட்டது. வேரில் உயிர் இருந்தால் காத்திருக்கலாம். எவ்வளவு மிஞ்சியது என்று தெரிந்த பிறகுதான், இரண்டரை மாத நெல்லை மறுபடி விதைப்பதா, ஈரம் குறைந்ததும் உழுந்தோ பயறோ போடுவதா, கமநல சேவை நிலையத்தில் இழப்பீட்டுக்குப் பதிவதா என்ற பேச்சு தொடங்கும்.

சொந்த வாழ்க்கையில் அடி விழும்போது நாம் பெரும்பாலும் தாண்டிப் போவது இந்த வேர் பார்க்கும் வேலையைத்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் மனதைத் தைரியமாக வைத்திருக்கச் சொல்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நாளை காலை எழுந்து என்ன செய்வது என்பதற்கு அந்தச் சொல்லில் விடை இல்லை.

[காட்சி: மேசையில் ஒரு கொப்பி, தவணை அட்டைகள்.]

தருமபுரத்தில் தையல் கடை வைத்து நட்டப்பட்ட ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். கடை மூடிவிட்டது, நுண்கடன் தவணைக்குக் கிழமைதோறும் ஆள் வருகிறார், அந்த நாளில் அவர் படலையைச் சாத்திவிட்டு உள்ளே இருக்கிறார். இது அவர் ஒருவரின் குறை என்று நினைத்துவிட வேண்டாம். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் கட்ட முடியாமல் போன ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை 2018 இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டிய அளவுக்கு அந்தச் சுமை பரவியிருந்தது. அவர் ஒரு கொப்பியை எடுத்து, யாருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு, எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று எழுதத் தொடங்கினால், இரவெல்லாம் தலைக்குள் சுழன்ற பயம் ஒரு பக்கக் கணக்காகச் சுருங்கும். தொகை குறையாது, ஆனால் எந்தக் கடன்காரரிடம் முதலில் போய்த் தவணை கேட்பது என்பது தெரிந்துவிடும். தையல் இயந்திரம் இன்னும் வீட்டில் இருக்கிறது என்பதும் அதே கொப்பியின் மறுபக்கத்தில் எழுதப்பட வேண்டிய செய்தி. பாடசாலைச் சீருடைக்கு விளிம்பு மடித்துத் தைப்பது போன்ற சின்ன வேலையோடு அவர் தொடங்கலாம். மனம் தேறட்டும், பிறகு வேலையைப் பார்ப்போம் என்று காத்திருப்பவர்கள் நீண்ட நாள் காத்திருக்க நேரிடுகிறது. பயனுள்ள ஒரு செயலை நாளின் குறித்த நேரத்தில் செய்யத் தொடங்கினால் மனம் பின்னால் வந்து சேரும் என்பதையே மனச்சோர்வுக்கான செயற்பாட்டுச் சிகிச்சை அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. உறக்கமும் நேரத்துக்குச் சாப்பாடும் இதற்கு முன்னரே வேண்டியவை. அதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

இதைத் தனியாளாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் தான் அதிகம் கெடுக்கிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955 இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வேர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் உளநோய் எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஆற்றலும் பரிவும் உள்ள பெரியவர்களானார்கள். அம்மம்மாவோ மாமியோ ஆசிரியரோ, அவர்களைக் கைவிடாத ஒருவராவது அவர்களுக்கு இருந்தார். இளவயதில் தடுமாறியவர்களிலும் பலர், பிற்பாடு படிப்பாலோ நிலையான வேலையாலோ நல்ல மணவாழ்வாலோ, முப்பது நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துகொண்டார்கள் என்பதும் அந்த ஆய்வில் உண்டு. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிய பிள்ளையை மூன்று மாதமாகத் திட்டிக்கொண்டிருக்கும் வீட்டார் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

[காட்சி: முல்லைத்தீவு, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் கூட்டம்.]

போரால் இடம்பெயர்ந்த வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி 2010 இல் ஆய்வுக்கட்டுரை எழுதிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், அந்தக் காயம் தனியாளைத் தாண்டிக் குடும்பத்திலும் ஊரிலும் விழுந்தது என்று காட்டினார். காயம் அங்கும் விழுந்தது என்றால், கோயில் பொங்கல், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, செத்த வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வருவது ஆகிய எல்லாமே சிகிச்சைக்குள் சேரும். போய் இருப்பவர் கேள்வி கேட்க வேண்டியதில்லை. நடந்ததை உடனே விவரமாகச் சொல்ல வைத்தால் பாரம் குறையும் என்று முன்பு நம்பப்பட்டது. அப்படி ஒரே அமர்வில் கிளறிக் கேட்பதை உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைப்பதில்லை. சொல்ல விரும்பினால் கேளுங்கள். விரும்பாவிட்டால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

வன்னி மக்கள் எதையும் தாங்குவார்கள் என்று மேடைகளில் புகழ்வதை நான் ஏற்கவில்லை. 2004 சுனாமி, 2009 இடப்பெயர்வு, 2018 வெள்ளம் எனத் தாங்கியவர்களுக்கு, தாங்குவது உங்கள் இயல்பு என்று சொல்லிவிட்டால், வீதியும் இழப்பீடும் வேலையும் கொடுக்க வேண்டியவர்களின் பொறுப்பு மெல்ல நழுவிவிடுகிறது. உதவி கேட்பதைப் பலவீனம் என்று நம் ஆட்களும் எண்ணத் தொடங்குகிறார்கள்.

[திரையில்: 1926]

இரண்டு கிழமைக்கு மேலாக உறக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்தால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அந்த இரண்டு கிழமையைக்கூடக் காத்திருக்காமல், தேசிய உளநல உதவி இலக்கமான 1926 ஐ அழையுங்கள். அழைக்கக் கை வராத நிலையில் இருப்பவருக்காக, அவர் பக்கத்தில் இருந்தபடி நீங்களே அந்த எண்ணை அழுத்திக் கொடுக்கலாம்.