மிஸ்டு கால் சொல்லும் வறுமை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மழை வரும்போல இருந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"வளரும் நாடுகளில் அரசு திட்டம் தீட்டுவதற்குப் பெருந்தரவு கைகொடுக்குமா, காலை வாருமா?" இதுதான் தலைப்பு. கைபேசி, செயற்கைக்கோள் என்று பல வழிகளில் மலைபோலக் குவியும் தகவலைத்தான் பெருந்தரவு, 'பிக் டேட்டா' என்கிறோம். கைகொடுக்கும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "கம்ப்யூட்டருக்குப் பசி தெரியுமா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். தெரியாதுதான் அண்ணே. ஆனால் அலுவலக பீரோவுக்குள் கட்டிவைத்த ஃபைலுக்கு மட்டும் தெரியுமா?

இந்தியாவில் தலைக்கணக்கு எடுத்தது 2011-இல். 2021-இல் எடுக்கவேண்டியது தள்ளிப்போனது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எந்த மாநிலத்தில் எத்தனை பேருக்கு அரிசி என்ற உச்சவரம்பு, அந்த 2011 கணக்கின் மேல்தான் நிற்கிறது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கே வந்துவிட்டான். தாளில் அவன் இன்னும் பிறக்கவில்லை. அண்ணன் கொண்டாடுகிற காகிதக் கணக்கின் லட்சணம் இது.

இப்போது என்னோடு டோகோ வரைக்கும் வாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவுக்கும் பெனினுக்கும் நடுவில் ஒல்லியாக நிற்கும் ஒரு சின்ன நாடு. 2020 ஏப்ரல். கொரோனா முடக்கம். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் தின்கிறவர்களுக்குப் பணம் கொடுக்க 'நோவிஸ்ஸி' என்று ஒரு திட்டம் போட்டார்கள். எவே மொழியில் அதற்கு 'ஒற்றுமை' என்று பொருள். சாதாரண பட்டன் போனில் ஒரு எண்ணை அழுத்தி விண்ணப்பித்தால் போதும், பணம் போனுக்கே வந்துவிடும். பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதல் தொகை. (தாய்மார்கள் பக்கம் கைதட்டல் கேட்கிறது, நன்றி.)

சரி, யாருக்குக் கொடுப்பது? ஏழைகளின் பதிவேடு என்று ஒன்று அந்த நாட்டில் கிடையாது. மக்கள்தொகைக் கணக்கோ பத்து வருடப் பழசு. தலைநகர் லோமே பகுதியில் வாக்காளர் பட்டியலில் எழுதியிருந்த தொழிலை வைத்துச் சமாளித்தார்கள். கிராமத்துக்குப் போனால்? 'விவசாயி' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு, இதில் பரம ஏழை யார் என்று எப்படிப் பிரிப்பது?

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளே வந்தது இங்கேதான். முதலில் செயற்கைக்கோள் படங்கள். கூரை எப்படி இருக்கிறது, சாலை இருக்கிறதா என்பதையெல்லாம் வைத்து, 397 கன்டோன்களில் மிக ஏழையான 100-ஐப் பிரித்தார்கள். கன்டோன் என்றால் நம் ஊர்ப் பிர்கா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளே ஆளைக் கண்டுபிடிக்கக் கைபேசிப் பதிவுகள்.

கைபேசி எப்படி வறுமையைச் சொல்லும் என்று சிரிக்கிறீர்களா? நாமெல்லாம் மிஸ்டு கால் கொடுத்த கூட்டம்தானே! ஒரு ரிங் விட்டால் 'வந்து சேர்ந்துட்டேன்', இரண்டு ரிங் விட்டால் 'கூப்பிடு'. பத்து ரூபாய் டாப்-அப் போடுகிறவன் யார், மாதக் கணக்கில் போடுகிறவன் யார் என்று ரீசார்ஜ் கடைக்காரருக்குத் தெரியாதா? அதே கண்தான் இது. பேச்சை ஒட்டுக்கேட்கவில்லை, எத்தனை அழைப்பு, எவ்வளவு நேரம், எவ்வளவு டாப்-அப் என்பதுதான். சில ஆயிரம் பேரிடம் போனில் வீட்டு நிலைமையை விசாரித்து, அந்தப் பதில்களை இந்தப் பழக்கங்களோடு பொருத்தி இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2022-இல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் முடிவு வந்தது: இடத்தை மட்டும் வைத்துப் பிரித்திருந்தால் விடுபட்டிருக்கும் ஏழைகளின் கணக்கில் 4 முதல் 21 சதவீதம் குறைந்தது.

கென்யாவையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம். ஏறக்குறைய ஒன்றரைக் கோடிக் கைபேசிகளின் நடமாட்டத்தை வைத்து, விக்டோரியா ஏரிப் பகுதியிலிருந்து மலேரியா எப்படி நைரோபிக்குப் போகிறது என்று 2012-இல் வரைந்து காட்டினார்கள். கொசு அவ்வளவு தூரம் பறக்காது நடுவர் அவர்களே. பஸ் ஏறுகிறவன் ரத்தத்தில் போகிறது. தலைநகரில் மட்டும் மருந்தடித்து என்ன பயன்?

தரவு காலை வாரும் என்பதற்கு எதிரணி ஜார்க்கண்டைக் காட்டினார்கள். ஆதாரோடு இணைக்கவில்லை, 'போலி' என்றெல்லாம் சொல்லி அங்கே ரேஷன் அட்டைகளை ரத்து செய்தார்கள். ரத்தானவற்றில் மாதிரி எடுத்துப் பார்த்தபோது 88 சதவீதம் உண்மையான குடும்பங்களுடையவை. இதைக் கேட்டு என் வயிறும்தான் எரிகிறது. ஆனால் அங்கே நடந்தது பகுப்பாய்வா? ஒரு கெடு வைத்தார்கள், ஒரு எண் பொருந்தவில்லை, பெயரை அடித்தார்கள். தரவை உட்கார்ந்து படித்திருந்தால், 'இத்தனை போலிகள் திடீரென்று எங்கிருந்து முளைத்தார்கள்?' என்று அதுவே கேட்டிருக்கும். டோகோவில் தரவைத் தேடியது ஆள் சேர்க்க. அங்கே புரட்டியது ஆள் கழிக்க.

நம் மாநிலத்தில் 2023-இல் மகளிர் உரிமைத்தொகைக்கும் வருமானம், நிலம், ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்று தரவை வைத்துத்தான் சலித்தார்கள். ஆனால் தள்ளுபடி ஆனவர் 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி வைத்தார்கள். அந்த வாசல் இல்லாத திட்டத்தை நானும் ஏற்கமாட்டேன்.

கைபேசியே இல்லாதவர் டோகோ கணக்கில் வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முழுமையான பதிவேடு ஒன்று இருந்திருந்தால் இந்த முறையில் விடுபடுவோர் 9 முதல் 35 சதவீதம் கூடுதல் என்று அதே ஆய்வாளர்கள்தான் எழுதினார்கள். இருந்திருந்தால்! இல்லையே அண்ணே.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துவிடுகிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கை ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். பதிவேடு கிடையாது. வீடு வீடாகப் போனால் கொரோனா. கையில் இருப்பது கொஞ்சம் பணம். அந்த 100 கன்டோன்களில் யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுவீர்கள் அம்மா, எதை வைத்து?