உயர்ந்த றோட்டின் சத்தம் எந்த வீட்டுக்குப் போகும்?

(திரையில்: யாழ்ப்பாணத்தின் பண்ணைத் தாம்போதி, பரவைக் கடலுக்குக் குறுக்கே அணை கட்டிப் போட்ட றோட்டு. பஸ் ஒன்று கோட்டைப் பக்கம் வருகிறது.)

மண் நிரப்பி றோட்டை உயர்த்தினால், ஒட்டியிருக்கும் வீட்டுக்குத்தான் முழுச் சத்தமும் என்று நினைப்போம். கணக்குப் போட்டால் வேறு விதமாக வரும்.

(திரையில்: அணையின் குறுக்குவெட்டுப் படம்.)

அணையின் உயரம் 4 மீற்றர். சத்தம் பிறக்கும் இடத்தை றோட்டுக்கு அரை மீற்றர் மேலே, அணையின் விளிம்பிலிருந்து 3.5 மீற்றர் உள்ளே வைப்போம். பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டு றோட்டுச் சத்தக் கணிப்பு முறையில் உள்ள அளவு இது. கேட்பவர் விளிம்பிலிருந்து 10 மீற்றரில் கீழே நிலத்தில் நிற்கிறார், காது 1.5 மீற்றர் உயரத்தில்.

சத்தம் பிறக்கும் இடத்துக்கும் காதுக்கும் நடுவே ஒரு நூல் கட்டுங்கள். நூல் விளிம்புக்கு 28 சென்ரிமீற்றர் கீழே, மண்ணுக்குள் போகும். சத்தம் நேராக வராத இந்த இடம்தான் சத்தத்தின் நிழல்; ஆள் அந்த நிழலில் நிற்கிறார். ஆளை 30 மீற்றருக்கு நகர்த்துங்கள்: நூல் விளிம்புக்கு 19 சென்ரிமீற்றர் மேலால் போகிறது. நிழல் 17.5 மீற்றரிலேயே முடிந்துவிட்டது! அதனால்தான் தள்ளிப் போனாலும் எதிர்பார்த்த அளவுக்குச் சத்தம் குறைவதில்லை. 10 மீற்றர் வீட்டிலும் மேல்மாடி யன்னல் நிழலுக்கு வெளியேதான். ஒவ்வொரு மாடிக்கும் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

(திரையில்: விளிம்பில் 1 மீற்றர் கொங்கிறீற் சுவர் எழுகிறது.)

விளிம்பைத் தொட்டு வளைந்து வரும் பாதையின் நீளத்திலிருந்து நேர்ப்பாதையைக் கழியுங்கள். 10 மீற்றரில் கீழே நிற்பவருக்குச் சுவர் இல்லாமல் 1.4 சென்ரிமீற்றர், சுவரோடு 30. இதை இரட்டித்து அலைநீளத்தால் வகுக்க வேண்டும். 500 ஹேர்ட்ஸ் சத்தத்துக்கு அலைநீளம் சுமார் 70 சென்ரிமீற்றர். வரும் எண்ணை 20ஆல் பெருக்கி, 3 கூட்டி, 10 அடி மடக்கை (log) எடுத்து, 10ஆல் பெருக்குங்கள். குறைவு 6 டெசிபெல்லிலிருந்து 13 ஆகிறது. நீளமாக ஓடும் வாகன வரிசைக்கு இதைவிடச் சில டெசிபெல் குறைவாகவே கிடைக்கும்.

சுவரில் இடைவெளி விட்டால் சத்தம் அதனூடாகவே வரும். கிடுகு வேலி கண்ணுக்கு மறைப்பு, காதுக்கு இல்லை. மறைப்புக்குச் சதுர மீற்றருக்கு 10 கிலோவாவது பாரம் வேண்டும்.

(திரையில்: பரவைக் கடல், சோளகக் காற்று.)

புல் நிலம் சத்தத்தை உறிஞ்சும், தண்ணீர் தெறிக்க விடும். பண்ணையில் 'மென்மையான நிலம்' என்று கழித்தால் விடை பிழை. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும்போது சத்தம் நகரக் கரைக்கு இன்னும் நன்றாக வந்து சேரும். ஹோர்ன் சத்தம் இந்தக் கணக்கில் அடங்காது. பஸ் தரிப்பிடத்தில் அதைத் தனியாக அளக்க வேண்டும்.

மைக்கை மேல்மாடி யன்னலுக்கு 1 மீற்றர் முன்னால் வைத்தால், வீட்டுச் சுவரின் தெறிப்பு 2.5 டெசிபெல் கூட்டிக் காட்டும். திறந்தவெளிக் கணக்கோடு ஒப்பிடும்போது அதைக் கழியுங்கள்.